சொல்லும் பொருளும்: ‘எஜுகேஷனலி’

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை, ‘இன்ன ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன?’ என்று கேட்பனவாகவே இருக்கும். அகராதியைப் புரட்டியும் தெரிந்த ஆசிரியப் பெருமக்களைக் கேட்டும் ஒருவாறு விடை எழுதிவிடுவோம். இம்மாதம் வந்திருக்கும் ஒரு கடிதம் அவ்வகையைச் சார்ந்தது அன்று. எழுதியவர் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மனைவியார். பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம்.

சகோதரியாரின் மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல்வியாகத் தேறியிருக்கிறாள். மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடவேண்டும். படிவத்தில் ஓரிடத்தில், ‘சோஷியலி அண்ட் எஜுகேஷனலி பேக்வர்ட் கிளாஸ்’ ஒன்றைச் சார்ந்தவரா என்று கேட்டு, ஆம் எனில் தந்தையார் கையொப்பமிடுக என்று அச்சிட்டிருக்கிறது. தந்தையார் மறுக்கிறார். “‘சோஷியலி’ என்பதை வேண்டுமானால் பொறுத்துக்கொள்வேன், நம் பாட்டனார் பட்டது ஊரறிந்த சங்கதி. ‘எஜுகேஷனலி பேக்வர்ட்’ என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? முதலாவதாக வந்த பெண்ணைப் படிப்பு வராதவள் என்று பெற்ற தகப்பனே எழுதிக் கொடுப்பதா?” என்பது அவர் வாதம். “கடைசித் தேதி நெருங்குகிறது, ஒரு சொல்லுக்காக ஒரு வருஷம் வீணாகுமோ என்று அஞ்சுகிறேன். அச்சொல்லுக்குப் பொருள்தான் என்ன?” என்று சகோதரியார் கேட்கிறார்.

அந்தத் தகப்பனாரின் கோபத்தை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். மகளின் பெருமையைக் காக்க எழுந்த கோபம் அது. ஆயினும் அவர் அச்சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டுகிறாரோ, அவ்விடத்தில் அச்சொல் ஒட்டவில்லை. முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சரித்திரத்துக்குச் செல்வோம்.

‘எஜுகேட்’ என்பது வினை, ‘எஜுகேஷன்’ பெயர், ‘எஜுகேஷனல்’ பெயருக்கு முன் வரும் அடை, அதன் வாலில் ‘லி’ சேர்ந்தால் ‘எஜுகேஷனலி’. பள்ளிக்கூட இலக்கணத்தில் இவ்வகைச் சொல்லுக்கு ‘வினையடை’ என்று தமிழில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். அப்பெயர் பாதி உண்மையே கூறுகிறது. ஆங்கிலத்தில் இவ்வகைச் சொல் வினையை மாத்திரம் அன்றி, இன்னொரு அடைமொழியையும் தழுவி நிற்கும். ‘மிகப் பெரிய வீடு’ என்றால் ‘மிக’ என்பது வீட்டைத் தழுவவில்லை. ‘பெரிய’ என்பதைத் தழுவுகிறது. அதுபோல, ‘எஜுகேஷனலி’ என்பது ‘பேக்வர்ட்’ என்னும் அடையைத் தழுவுகிறது. அந்த ‘பேக்வர்ட்’ எதைத் தழுவுகிறது? ‘கிளாஸ்’ என்பதை. அதாவது வகுப்பாரை, ஒரு மக்கட் கூட்டத்தை. படிவத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் ‘இந்த மாணவி பின்தங்கியவளா?’ என்ற கேள்வி அதில் இல்லை. ‘பின்தங்கியதென்று கணக்கிடப்பட்ட ஒரு வகுப்பைச் சார்ந்தவளா?’ என்பதே கேள்வி. ஒரு சொல் நடுவில் இருப்பதும் கடையில் இருப்பதும் இவ்வளவு வேறுபாட்டைச் செய்கிறது.

குழப்பத்துக்கு நம் தமிழ் வழக்கும் ஒரு காரணம். ‘பையன் படிப்பில் பின்தங்கியிருக்கிறான்’ என்று வாத்தியார் சொன்னால், அவனுக்கு மதிப்பெண் குறைவு என்றே கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் உண்டு. ‘அகாடமிகலி வீக்’ என்பர். ‘அகாடமிகலி’ மாணவனின் பாடத்தையும் தேர்வையும் நோக்கிய சொல். ‘எஜுகேஷனலி’ என்பது கல்வி என்ற ஏற்பாட்டை நோக்கியது: பள்ளி இருந்ததா, சேர்த்துக்கொண்டார்களா, எத்தனை பேர் நிலைத்துப் படித்தார்கள் என்பன அதன் எல்லைக்குள் வரும். நாம் வாழும் நாகபுரியில் இந்தியும் மராத்தியும் காதில் விழுந்துகொண்டே இருப்பதால், அம்மொழிகளின் வழக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். அரசியற் சட்டத்தின் இந்திப் பாடத்தில் ‘சாமாஜிக் ஔர் ஷைக்ஷிக் த்ருஷ்டி ஸே’ என்று வருகிறது. மராத்தியர் ‘ஷைக்ஷணிக் த்ருஷ்ட்யா மாகாஸ்’ என்பர். ‘த்ருஷ்டி’ பார்வை, கல்வி என்ற பார்வையில் நோக்கும்போது பின்னால் நிற்கிற வகுப்பு என்பது கருத்து. அந்த ‘லி’ என்ற ஒற்றை எழுத்தை அவர்கள் ‘பார்வையில்’ என்று பெயர்த்தது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தமிழில் ‘கல்வியில் பின்தங்கிய’ என்று சுருக்கினால் வாத்தியாரின் குரல் கேட்கிறது. ‘கல்வி நிலையில்’ அல்லது ‘கல்வி வகையில்’ என்று எழுதினால் அந்தக் குரல் அடங்கிவிடும்.

இனி இச்சொல் நம் சட்டத்துக்குள் வந்த வரலாறு. இது பெரும்பாலும் சென்னையில் நடந்த கதை.

1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ‘சோஷியலி அண்ட் எஜுகேஷனலி பேக்வர்ட்’ என்னும் தொடர் அதன் 340ஆம் பிரிவில் மட்டுமே முக்கியமாக இருந்தது. அத்தகைய வகுப்பாரின் நிலையை ஆராயக் குடியரசுத் தலைவர் ஒரு கமிஷனை நியமிக்கலாம் என்பது அப்பிரிவு. அரசாங்க வேலைகளில் இடம் ஒதுக்குவதற்கு 16ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இடங்கொடுத்தது. கல்லூரிகளில் இடம் ஒதுக்க அப்படியொரு வாக்கியம் இல்லை. சென்னை மாகாணத்திலோ 1920களிலிருந்தே வகுப்புவாரி உத்தரவு வழக்கத்தில் இருந்தது. மருத்துவ, பொறியியற் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு.

இதை எதிர்த்து மருத்துவப் படிப்பைக் குறித்து ஒன்றும் பொறியியற் படிப்பைக் குறித்து ஒன்றுமாக இரு வழக்குகள் எழுந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 1950இல் உத்தரவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9ஆம் நாள் அதை உறுதி செய்தது. சாதி, மதம் காரணமாக மாத்திரம் எவருக்கும் கல்லூரியில் இடம் மறுக்கலாகாது என்ற 29ஆம் பிரிவுக்கு அந்தப் பங்கீடு முரண் என்பது தீர்ப்பு. தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது, பெரியார் ஈ. வெ. ரா. அதன் முன்னணியில் நின்றார். நேரு பிரதமர், அம்பேத்கர் சட்ட அமைச்சர். 1951 ஜூன் 18ஆம் நாள் முதலாவது திருத்தம் சட்டமாயிற்று. அதன்படி 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு புதிதாகச் சேர்ந்தது. 340ஆம் பிரிவில் இருந்த அதே தொடர், ‘எஜுகேஷனலி’ உட்பட, அங்கே குடியேறியது. ‘எகனாமிகலி’ என்ற மூன்றாவது சொல்லும் வேண்டும் என்று அன்றைய விவாதத்தில் முயன்றவர் உண்டு. அது அப்போது சேரவில்லை. 2019ஆம் ஆண்டின் 103ஆம் திருத்தமே அதற்குத் தனியாக ஒரு வழி திறந்தது.

ஆகவே, அந்தத் தகப்பனார் வெறுக்கும் சொல், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டுப் போகாமல் இருக்க வைத்த ஆப்பு. அவருடைய பாட்டனார் பட்டதை அவர் நினைவுகூர்கிறார் அல்லவா? அந்தப் பாட்டனார் காலத்தில் பள்ளித் திண்ணையே கிட்டாமற் போனதை ஒரே சொல்லால் குறிக்க வேண்டுமானால் இச்சொல்லைத்தான் தேடி எடுக்கவேண்டும்.

இத்தொடரில் நடுவே இருக்கும் ‘அண்ட்’ என்பதையும் சிறிது கவனிக்க வேண்டும். 1962இல் மைசூர் அரசின் உத்தரவு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 100 இடங்களில் 68 இடங்களை ஒதுக்கிய உத்தரவு அது. சமூகத்திலோ கல்வியிலோ பின்தங்கினால் போதாது, இரண்டிலும் பின்தங்கியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. கல்விக் கணக்கிலும் ஒரு கண்டிப்பு உண்டு. உயர்நிலைப் பள்ளியின் மேல் மூன்று வகுப்புகளில் ஆயிரம் பேருக்கு எத்தனை மாணவர் என்பதை அம்மாநிலம் அளவாகக் கொண்டிருந்தது. மாநிலச் சராசரி 6.9. சராசரியைத் தொட்டும் தொடாமலும் நிற்பவரை எல்லாம் பின்தங்கியவர் என்னலாகாது, சராசரியினும் மிகக் கீழே, பாதிக்கும் குறைவாக நிற்பவரே அப்பெயருக்கு உரியவர் என்பது தீர்ப்பு. வேலைவாய்ப்பைப் பற்றிய 16ஆம் பிரிவில் ‘எஜுகேஷனலி’ என்ற சொல்லே இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. அங்கே சமூகப் பின்னடைவே தலைமையானது, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டுவதில்லை என்று 1992 நவம்பர் 16ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய ஆயம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் சட்டத்தில் வேறு வேறு வழக்குகளாக முடிகின்றன.

‘எஜுகேஷனலி பேக்வர்ட்’ என்பதை எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால் நம் சகோதரியாரின் ஐயம் முழுதும் தீரும். 340ஆம் பிரிவின்படி முதலில் இரண்டு கமிஷன்கள் அமைந்தன. முதலாவது காகா காலேல்கர் தலைமையில் 1953இல் அமைந்து 1955இல் அறிக்கை தந்தது; அரசு அதை ஏற்கவில்லை. இரண்டாவது பி. பி. மண்டல் தலைமையில் அமைந்தது. 1980 டிசம்பர் 31ஆம் நாள் அறிக்கை தந்தது. மண்டல் கமிஷன் 11 அடையாளங்களை வைத்தது. சமூக அடையாளம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. கல்வி அடையாளம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பொருளாதார அடையாளம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மொத்தம் 22, அதில் 11 புள்ளியும் அதற்கு மேலும் பெற்ற வகுப்பு பின்தங்கிய வகுப்பு.

அந்த மூன்று கல்வி அடையாளங்களே நமக்கு வேண்டியவை. 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளில் பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவர்களின் விகிதம் மாநிலச் சராசரியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மிகுந்திருக்க வேண்டும்; இது முதலாவது. அதே வயதில் சேர்ந்து இடையில் நின்றவர்களின் விகிதமும் அவ்வாறே மிகுந்திருக்க வேண்டும், இது இரண்டாவது. மெட்ரிகுலேஷன் தேறியவர்களின் விகிதம் மாநிலச் சராசரியைவிட 25 விழுக்காடேனும் குறைந்திருக்க வேண்டும், இது மூன்றாவது. பத்தாவதோடு நின்று ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்த நமக்கு, அத்துணைப் பெரிய கமிஷன் நம் தரத்தையே தராசுப் படியாக எடுத்துக்கொண்டதில் ஒரு சிறு கர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்!

ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. ஒரு மாநிலத்தில் ஆயிரவருக்கு 40 பேர் மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் என்க. 25 விழுக்காடு குறைத்தால் 30. ஒரு வகுப்பில் ஆயிரவருக்கு 28 பேர்தான் தேறியிருக்கிறார்கள் என்றால் அவ்வகுப்பு இந்த அடையாளத்தில் பின்தங்கியது, 2 புள்ளி. நம் சகோதரியாரின் பெண் அந்த 28க்குள் ஒருத்தி. அவள் முதல்வியாக வந்தாலும், கடைசியாக வந்தாலும், கணக்கில் ஒரு தலைதான். அவள் மூளையை அளக்க அந்தக் கணக்கில் ஒரு கட்டமே இல்லை. அந்த 28 பேரும் மிகுந்த கூர்மையுடையவர்களாக இருக்கலாம். மற்ற 972 பேருங்கூட அப்படியே இருந்திருக்கலாம், பள்ளிக்குப் போயிருந்தால். அந்த 972 பேரைப் பற்றிய சொல்தான் ‘எஜுகேஷனலி’.

நிலத்துக்கும் இச்சொல்லை ஒட்டியிருக்கிறார்கள். ‘எஜுகேஷனலி பேக்வர்ட் பிளாக்’ என்று மத்திய அரசின் திட்டங்களில் வருகிறது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, கிராமப் பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரியான 46.13 விழுக்காட்டினும் குறைந்து, ஆண் பெண் எழுத்தறிவு வித்தியாசம் 21.59 விழுக்காட்டினும் மிகுந்த வட்டாரங்கள் அவை. பெண்பிள்ளைகளுக்கான கஸ்தூர்பா காந்தி உண்டுறைப் பள்ளிகள் 2004 முதல் அத்தகைய வட்டாரங்களில் தொடங்கப்பட்டன. ஒரு வட்டாரத்துக்கு அறிவு மந்தம் என்று எவரும் இதைப் படித்துப் பொருள்கொள்ளமாட்டார். பள்ளிக்கூடம் எட்டவில்லை என்றே கொள்வார். வகுப்பு என்று வரும்போது மாத்திரம் நமக்கு நெஞ்சு சுடுகிறது.

சுடுவதற்கும் முகாந்திரம் இல்லாமல் இல்லை. இதே ‘எஜுகேஷனலி’யைக் குழந்தையின் நெற்றியிலேயே ஒட்டிய தேசம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, சாதாரணப் பள்ளியில் தேறமாட்டார் என்று கருதிய குழந்தைகளுக்கு ‘எஜுகேஷனலி சப்நார்மல்’ என்று பெயரிட்டுத் தனிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பிற்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைப்புக்கு வந்து குடியேறியவர்களின் குழந்தைகள் அப்பள்ளிகளில் அளவுக்கு மிஞ்சி நிரம்பினார்கள். கிரெனடா தீவைச் சார்ந்தவரும் லண்டனில் அத்தகைய பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவருமான பெர்னார்ட் கோர்ட் 1971இல் இதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அக்குழந்தைகளின் அறிவிலே குறை இல்லை; அவர்கள் வீட்டில் பேசும் மொழி வேறு, தேர்வில் கேட்ட கேள்விகள் வேறொரு வாழ்க்கையைச் சார்ந்தவை, ஆசிரியர்கள் அவர்களிடம் எதிர்பார்த்ததோ மிகக் குறைவு என்று அவர் எடுத்துக்காட்டினார். நூலின் தலைப்பில் அவர் கையாண்ட வினை, ‘ஆக்கப்படுகிறது’ என்ற பொருளுடையது. மேற்கிந்தியக் குழந்தை அவ்வாறு இருக்கவில்லை, அவ்வாறு ஆக்கப்படுகிறது என்றார். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெயரை ஒழித்து, தனிக் கல்வித் தேவையுள்ளவர் என்ற வழக்கைக் கொண்டுவந்தது.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தக் கதை அந்நியம் அன்று. தமிழ் மட்டும் அறிந்த குழந்தை இந்தி அல்லது மராத்தி வகுப்பில் முதல் ஆறு மாதம் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதையும், அதற்குள் ‘மந்தம்’ என்று பெயர் கிடைத்துவிடுவதையும் நம் வீடுகளில் பலர் அறிவர். அந்தப் பெயரை மறுத்துச் சண்டையிட வேண்டிய இடம் அது. ஒரு குழந்தையைச் சுட்டி ‘எஜுகேஷனலி’ இன்னவாறு என்று எவரேனும் எழுதினால், எந்தச் சோதனை, எந்த மொழியில் நடத்தினீர்கள் என்று பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். வகுப்பைச் சுட்டி எழுதுவது வேறு வழக்கு. சகோதரியாரின் கணவர் முதலாவதற்கு உரிய கோபத்தை இரண்டாவதன்மேல் செலவிடுகிறார்.

கோர்ட் தம் தலைப்பில் தேடி வைத்த அந்தச் செயப்பாட்டு வினை தமிழ்நாட்டு அரசாங்க வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. முன்பு ‘பிற்பட்டோர்’ என்று எழுதி வந்ததை இப்போது ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்று எழுதுகிறார்கள். துறையின் பெயரும் அப்படியே. ‘பிற்பட்டோர்’ என்றால் தாமாகப் பின்னே நின்றவர் போல ஒலிக்கும். ‘படுத்தப்பட்டோர்’ என்னும்போது, படுத்தியவர் யார் என்ற கேள்வி தானே எழுகிறது. ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த நயம் நம் மொழிக்குக் கிடைத்திருக்கிறது. கையொப்பமிடக் கூசும் தகப்பனார், படிவத்தை மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்ளும்போது, ‘கல்வி நிலையில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்று ஆக்கிக்கொள்ளட்டும். பொருளும் சரியாகும், முதுகும் நிமிர்ந்திருக்கும்.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. சகோதரியார் கேளாததையும் சொல்லிவிடுகிறோம்.

மேலே சொன்ன கணக்குகள் யாவும் ‘மாநிலச் சராசரி’யோடு ஒப்பிட்டவை. ஆதலின் இச்சொல்லுக்குள் ஓர் ஊரும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பின்தங்கியது என்று கணக்கிட்ட வகுப்பு, மகாராஷ்டிரத்தில் அவ்வாறு கணக்கிடப்படாமல் இருக்கலாம். இங்கே பத்திரிகையில் அடிக்கடி வரும் ‘எஸ்.இ.பி.சி.’ என்பதில் உள்ள ‘இ’ நம் சொல்லேதான். மராத்தா வகுப்பாருக்கு அப்பெயரில் 2018இல் ஒரு சட்டம் இயற்றினார்கள்; 2021 மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது; 2024இல் 10 விழுக்காட்டுக்கு மீண்டும் ஒரு சட்டம் வந்தது. சொல் ஒன்றாக இருப்பதால் நம்மையும் அது தழுவும் என்று எண்ணி அந்தக் கட்டத்தில் குறியிட்டு விடுவோர் உண்டு. அது நமக்கு உரியது அன்று.

1990இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று ஒவ்வொரு குடியேறிய குடும்பமும் அறியத்தக்கது. ஆந்திரத்தில் பழங்குடி என்று பட்டியலில் இருந்த ஒருவர் வேலையின் பொருட்டுப் பம்பாய்க்கு வந்தார். அவர் மகன் சுமார் ஒன்பது வயதில் உடன் வந்து, பம்பாயிலேயே படித்துத் தேறி, அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். பட்டியல் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது, மாநிலம் மாறினால் உரிமை கூட வராது என்று தீர்ப்பாயிற்று. இது பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் உரிய தீர்ப்பு. மற்றப் பிற்படுத்தப்பட்டோரைக் குறித்து மத்திய அரசு 1994 ஏப்ரல் 8ஆம் நாள் எழுதிய கடிதமும் அதே வழியிற் செல்கிறது: ஊர் மாறினால் வகுப்பு மாறிவிடாது, சலுகை சொந்த மாநிலத்திலும் மத்திய அரசிடத்திலும் உண்டு, குடியேறிய மாநிலத்தில் இல்லை. இருபது வருஷம் இங்கே வரி செலுத்தி, இங்கேயே பிறந்த பிள்ளையை இங்கேயே படிக்க வைப்பவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். நமக்கும் கசப்பே. ஆயினும் படிவத்தை நிரப்பும்போது கசப்பை ஒதுக்கி வைத்துவிட்டு விதியைப் பார்க்கவேண்டும்.

ஆகவே அந்தப் பெண் விண்ணப்பிப்பது மத்திய அரசின் கல்வி நிலையத்துக்கா, மகாராஷ்டிர அரசின் இடத்துக்கா என்பதை முதலில் பார்த்துக்கொள்க. மத்திய நிலையங்களில் 27 விழுக்காடு இடம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது; அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 2021 முதல் உண்டு. அவற்றுக்கு, தமிழ்நாட்டுக்குரிய மத்தியப் பட்டியலில் தங்கள் வகுப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுத் தாசில்தார் மாநிலக் காரியங்களுக்குத் தரும் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது. மத்திய அரசுக்கென உள்ள படிவத்தில் தனிச் சான்றிதழ் பெறவேண்டும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இல்லாத ‘வளமுற்ற பிரிவு’ என்ற விலக்கு மத்திய ஒதுக்கீட்டில் உண்டு என்பது அதற்கு ஒரு காரணம். அதற்குரிய வருமான வரம்பு 2017இல் ஆண்டுக்கு 8 லட்சமாக உயர்த்தப்பட்டது. தந்தையாரின் பெயரில் சொந்த மாவட்டத்திலிருந்து பெற்ற சான்றிதழைக் காட்டினால், குடியிருக்கும் ஊரின் அதிகாரியும் பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று முன்சொன்ன 1994ஆம் ஆண்டுக் கடிதமே கூறுகிறது. அதன் படி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நன்று. எல்லா மேசைகளிலும் அது நினைவில் இருக்கும் என்று நம்பவேண்டா.

நாள்தோறும் படிவங்களோடு காலந்தள்ளும் எழுத்தர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மனத்துக்குப் பிடிக்காத அச்சுச் சொல்லை மையால் அடித்துவிட்டுக் கீழே கையொப்பமிடுவோரைக் கண்டிருக்கிறோம். அவ்வாறு அடித்த படிவம் செல்லாது என்று திரும்பும், திரும்புவதற்குள் தேதி கடந்துவிடும். மற்றொன்று, வகுப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுக. தந்தையார் சான்றிதழில் ஓரெழுத்து கூடியும் பெண்ணின் சான்றிதழில் ஓரெழுத்து குறைந்தும் இருந்தால், இரண்டும் ஒன்றே என்று மெய்ப்பிக்க மறுபடியும் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கும்.